காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் பிள்ளை: மூட்டுத் தொற்றைக் கண்டறிவது எப்படி?

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது சகஜம். ஓடி விளையாடிவிட்டு வந்து கால் வலிக்கிறது என்று சொல்வதும் சகஜம். ஆனால் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பிள்ளைக்கு வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, நேற்று வரை ஓடிய பிள்ளை இன்று ஒரு காலைத் தரையில் ஊன்ற மறுக்கிறது என்றால், ஏதோ ஒரு மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. மருத்துவர்கள் இதை செப்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். அடிக்கடி வருகிற நோய் அல்ல. வந்துவிட்டால் மணிக்கணக்குப் பார்த்துச் செயல்பட வேண்டிய நோய்.

இதை விளக்குவதற்கு நாம் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஊர்கள் அவை. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். மிளகும் அன்னாசியும் பலாவும் கொள்முதல் செய்ய மேலே போகும் வியாபாரிகளுக்கும், விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஆகாய கங்கை அருவியைப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கும் அந்தச் சாலை நன்றாகத் தெரியும். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மூட்டைத் திறந்து கழுவும் அறுவைச் சிகிச்சைக்கு, மயக்க மருத்துவரும் எலும்பு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் ஒன்றாக இருக்கும் இடத்துக்கு, மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் சேலம்தான்.

செம்மேட்டிலிருந்து நாமக்கல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூர்களுக்கு முதலில் செம்மேடு வந்து சேர்வதே ஒரு பயணம். இப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒரு தாய் "இது காலையில் சரியாகிவிடுமா, இப்போதே இறங்க வேண்டுமா" என்று எதை வைத்து முடிவு செய்வாள்? அவளுக்குப் பயன்படும் பதில் சமவெளியில் இருக்கும் நமக்கும் பயன்படும். நகரத்தில் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே நாம் ஒரு இரவு, இரண்டு இரவு என்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

மூட்டு என்பது மூடிய ஒரு பை போன்றது. உள்ளே சிறிதளவு வழுவழுப்பான நீர், எலும்பு முனைகளின் மேல் மெல்லிய குருத்தெலும்பு. தோலில் ஒரு சிரங்கு, தொண்டையில் ஒரு புண் என்று எங்கிருந்தோ இரத்தத்தில் கலந்த கிருமி, இந்தப் பைக்குள் வந்து தங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, தோலில் கொப்புளம் உண்டாக்கும் அதே கிருமிதான். அதை எதிர்க்க ஓடி வரும் வெள்ளையணுக்கள் வெளிவிடும் நொதிகள் கிருமியோடு சேர்த்துக் குருத்தெலும்பையும் அரிக்கின்றன. முதல் சில மணி நேரங்களிலேயே இந்த அரிப்பு தொடங்கிவிடுகிறது. குருத்தெலும்புக்கு மீண்டும் வளரும் சக்தி மிகக் குறைவு. போனது போனதுதான்.

இடுப்பு மூட்டில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் கொண்டு போகும் சிறு குழாய்கள் அந்தப் பையை ஒட்டியே செல்கின்றன. உள்ளே சீழ் சேர்ந்து அழுத்தம் கூடினால் அந்த இரத்த ஓட்டம் நின்று, எலும்பின் தலையே அழிந்துபோகலாம். பிள்ளை பிழைத்துக்கொள்ளும், காய்ச்சல் போய்விடும், ஆனால் ஒரு கால் குட்டையாகி வாழ்நாள் முழுக்க நொண்டி நடக்க நேரிடும். எலும்பு வளரும் பகுதி பாதிக்கப்பட்டால் இந்த வேறுபாடு வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். இவ்வளவையும் சரியான நேரத்தில் செய்யும் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் தடுக்க முடியும் என்பதால்தான் கண்டறிவதில் இவ்வளவு அவசரம்.

சுளுக்கும் உரமும்

நேரம் வீணாவது பெரும்பாலும் எங்கே? பிள்ளை நொண்டினால் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் சுளுக்கு. எண்ணெய் தடவி உருவி விடுவார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள், சுளுக்கு எடுப்பவரிடம் தூக்கிப் போவார்கள், கட்டுப் போடுவார்கள். கைக்குழந்தை தூக்கும்போதெல்லாம் வீறிட்டு அழுதால் "உரம் விழுந்திருக்கிறது" என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள். மலையிலும் இதுதான், மண்ணடியிலும் இதுதான். இதைச் செய்யும் நன்னிமாரின் அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சீழ் பிடித்த மூட்டை உருவி விடுவது பிள்ளைக்குத் தாங்க முடியாத வலி. அதைவிடப் பெரிய நட்டம், அந்த உருவலில் போகும் இரண்டு மூன்று நாள்.

பிள்ளைகள் எப்போதும் விழுந்து எழுகிறவர்கள் என்பதால், "முந்தாநாள் விழுந்தான், அதனால்தான்" என்று ஒரு காரணம் எல்லா வீட்டிலும் கிடைத்துவிடும். சுளுக்குக்குக் காய்ச்சல் வராது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும். தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் துஆ செய்வதும் நம் வழக்கம். அதை ஆம்புலன்ஸில் போய்க்கொண்டே செய்யலாம், அதற்காக வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். அது காய்ச்சலை ஓரளவு அடக்கும், மூட்டுக்குள் இருக்கும் சீழை வெளியேற்றாது. பிறகு மருத்துவமனையில் எந்தக் கிருமி என்று பார்க்கச் சீழை எடுத்து வளர்த்தால், அரைகுறை மருந்தில் அடிபட்ட கிருமி பரிசோதனையில் வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்ற பதிலும் அதோடு போய்விடுகிறது.

நான்கு அடையாளங்கள்

பிள்ளைகளின் இடுப்பு மூட்டில் நீர் கோப்பது இன்னொரு எளிய காரணத்தாலும் வரும். சளிக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வாரம் போல நொண்டிவிட்டுத் தானாகவே சரியாகும் தற்காலிக அழற்சி அது. சீழ் மூட்டும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால், எப்படிப் பிரித்தறிவது என்று மருத்துவர்கள் நீண்ட காலம் தடுமாறினார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மினிந்தர் கோச்சரும் அவருடைய குழுவினரும் தங்களிடம் வந்த பிள்ளைகளின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 1999-இல் நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள். உலகம் முழுக்க இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணுவது இந்த நான்கையும்தான்.

காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதாவது நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் 101.3-க்கு மேல் இருப்பது ஒன்று. அந்தக் காலை ஊன்றி நிற்க முடியாமல் இருப்பது இரண்டு. இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 12,000-க்கு மேல் இருப்பது மூன்று. இ.எஸ்.ஆர். என்ற பரிசோதனை 40-க்கு மேல் இருப்பது நான்கு. அந்த ஆய்வில், நான்கில் ஒன்றும் இல்லாத பிள்ளைக்குச் சீழ் மூட்டு இருக்கும் வாய்ப்பு 0.2 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்று இருந்தால் 3 சதவீதம். இரண்டு இருந்தால் 40. மூன்று இருந்தால் 93. நான்கும் இருந்தால் 99-க்கு மேல்.

இந்த எண்களில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நான்கு அடையாளங்களில் முதல் இரண்டுக்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரும், பிள்ளையை நிற்க வைத்துப் பார்க்கும் கண்ணும் போதும். கொல்லிமலையின் கடைசி ஊரில் இருக்கும் தாயால்கூட, செம்மேட்டுக்கு வருவதற்கு முன்பே பாதிப் பரிசோதனையை முடித்துவிட முடியும். அந்த இரண்டும் இருந்தால், ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதற்கு முன்பே பத்தில் நான்கு பங்கு வாய்ப்பு. அந்த நிலையில் காலை வரை பொறுத்துப் பார்க்க எந்த நியாயமும் இல்லை. மூன்றாவதும் நான்காவதும் சாதாரண ஆய்வகத்திலேயே பார்க்கக்கூடிய இரத்தப் பரிசோதனைகள்தான்.

இந்த எண்களை வேதவாக்காகவும் கொள்ளக் கூடாது. 2004-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இதே நான்கு அடையாளங்களை வேறு பிள்ளைகளிடம் பொருத்திப் பார்த்தபோது, நான்கும் இருந்தவர்களில் 59 சதவீதம் என்றுதான் கணக்கு வந்தது. ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை எண் மாறும். பிறகு 2006-இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர்கள் சி.ஆர்.பி. என்ற பரிசோதனையையும் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இ.எஸ்.ஆர். ஏறுவதற்கு ஒன்றிரண்டு நாள் எடுக்கும், சி.ஆர்.பி. சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். ஆகவே நோய் தொடங்கிய முதல் நாளில் இ.எஸ்.ஆர். சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. இன்னொரு சிறு விஷயம்: சில ஆய்வகங்கள் சி.ஆர்.பி.யை டெசிலிட்டர் கணக்கில் அச்சடிக்கின்றன. அங்கே 2 என்று இருந்தால் அது லிட்டர் கணக்கில் 20. தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே கவனிக்க வேறு சில உண்டு. முழங்கால், கணுக்கால், முழங்கை என்றால் வீக்கம் தெரியும். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், புறங்கையை இரண்டு முழங்காலிலும் மாற்றி மாற்றி வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. பிள்ளை அந்தக் காலைச் சற்று மடக்கி, வெளிப்பக்கம் திருப்பி, அசையாமல் படுத்திருக்கும். யாராவது காலைத் தொட வந்தாலே பயந்து அழும். இடுப்பில் இருக்கும் நோய்க்கு முழங்காலைக் காட்டி வலி என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. முழங்கால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை தொடர்ந்து நொண்டினால், இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

பேசத் தெரியாத வயது

மேலே சொன்ன கணக்கு கைக்குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யாது. இந்தப் பகுதியைப் பச்சிளங்குழந்தை உள்ள வீடுகள் நிதானமாகப் படிக்க வேண்டும். லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்மித் 1874-லேயே கைக்குழந்தைகளின் மூட்டுச் சீழைத் தனியாக எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரால் அதை அழைப்பவர்கள் உண்டு. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குக் காய்ச்சலே வராமல் இருக்கலாம். வெள்ளையணுக்களும் ஏறாமல் இருக்கலாம். நிற்காத வயதில், ஊன்ற மறுக்கிறது என்ற அடையாளமும் இல்லை.

அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே. ஒரு கையை அல்லது ஒரு காலை மட்டும் குழந்தை அசைக்காமல் வைத்திருக்கிறதா? மற்ற மூன்றும் உதைத்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் வாதம் வந்தது போலத் துவண்டு கிடக்கிறதா? துணி மாற்றக் காலை விரிக்கும் ஒவ்வொரு தடவையும் அலறுகிறதா? பால் குடிப்பது குறைந்திருக்கிறதா? குறைமாதத்தில் பிறந்து, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, ஊசி வழியாக மருந்து ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். இவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மூட்டுகளில்கூடத் தொற்று இருக்கலாம். ஒன்றரை வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எலும்பின் வளரும் தட்டைத் தாண்டிச் செல்லும் இரத்தக் குழாய்கள் இருப்பதால், எலும்பில் வந்த தொற்று மூட்டுக்குள் எளிதில் இறங்கிவிடும். "உரம்" என்று உருட்டப்படும் குழந்தைகளில் ஒன்றிரண்டு இப்படிப்பட்டவையாக இருக்கலாம் என்பதுதான் நம் கவலை.

ஆறு மாதத்திலிருந்து நான்கு வயது வரை இன்னொரு ஏமாற்று உண்டு. கிங்கெல்லா கிங்கே என்ற கிருமி இந்த வயதினரின் தொண்டையில் சத்தமில்லாமல் குடியிருக்கும். மூட்டுக்குப் போனாலும் அது பெரிய ஆர்ப்பாட்டம் செய்யாது. காய்ச்சல் லேசாக இருக்கும், பிள்ளை சிரிக்கக்கூடச் செய்யும், சும்மா நொண்டும். சாதாரணக் கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் எளிதில் பிடிபடாது. மூட்டு நீரை இரத்தம் வளர்க்கும் குப்பியில் இட்டாலோ, பி.சி.ஆர். செய்தாலோ பிடிபட வாய்ப்பு கூடும். கொரோனா காலத்தில் பி.சி.ஆர். என்ற பெயர் நமக்கெல்லாம் பழகிவிட்டது, அதே தொழில்நுட்பம்தான்.

முன்பு இந்த வயதில் மூட்டுகளைப் பாதித்த முக்கியக் கிருமிகளில் ஒன்று ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி. அதற்கான தடுப்பூசி, ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசியில் சேர்ந்து, 2011 டிசம்பரில் நம் நாட்டில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் தொடங்கப்பட்டது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடுகிற அந்த ஊசியை விட்டுவிடாத குடும்பம், இந்த நோயின் ஒரு வாசலை ஏற்கெனவே அடைத்துவிட்டது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதல் நாளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது எலும்பு முறிவு இல்லை என்பதைக் காட்டும். சீழ் இல்லை என்று காட்டாது. ஸ்கேன் என்று நாம் சொல்லும் அல்ட்ராசவுண்ட், மூட்டுக்குள் நீர் இருக்கிறதா என்று தெளிவாகக் காட்டும், குறிப்பாக இடுப்பில். அந்த நீர் சீழா வெறும் நீரா என்று அதற்குத் தெரியாது. பக்கத்து எலும்பிலும் தொற்று இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும்.

முடிவைச் சொல்வது ஊசிதான். மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீரை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். "மூட்டில் ஊசி போட்டால் கால் முடங்கிவிடும்" என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கும் அத்தாமார் உண்டு. காலை முடக்குவது உள்ளே தங்கும் சீழ். அதை எடுக்கும் ஊசியால் கால் முடங்காது. கலங்கலான நீர் வந்தால் அதில் வெள்ளையணுக்களை எண்ணுவார்கள். 50,000-ஐத் தாண்டினால் சீழ் மூட்டு என்பது பெரும்பாலும் உறுதி. கிருமியையும் வளர்த்துப் பார்ப்பார்கள். கணிசமான பிள்ளைகளுக்குக் கிருமி வளராமலே போவதும் உண்டு. அதற்காக நோய் இல்லை என்று பொருளல்ல. இரத்தத்தையும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே எடுத்து வளர்ப்புக்கு அனுப்புவார்கள். பிள்ளை மிகவும் மோசமாக இருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள்.

காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்தாலே சீழ்தான் என்றும் இல்லை. ஒரு மூட்டில் இரண்டு நாள், அடுத்த மூட்டில் இரண்டு நாள் என்று வலி இடம் மாறினால் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம், அது இதயத்தைத் தொடும் நோய் என்பதால் அதற்கும் மருத்துவர் வேண்டும். பல மூட்டுகளும் ஒரே நேரத்தில் வலித்தால் சிக்கன்குனியா நினைவுக்கு வரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நொண்டல் கூடி, பிள்ளை மெலிந்தால் மூட்டுக் காசநோயைத் தேடுவார்கள். வெளிறிப் போய், உடம்பில் நீலத் திட்டுகளோடு எலும்பு வலி என்றால் இரத்தப் புற்றுநோயையும் பார்ப்பார்கள். இரவில் மட்டும் இரண்டு காலும் வலித்து, காலையில் ஒன்றுமே நடக்காதது போல ஓடும் பிள்ளைக்கு வளர்ச்சி வலி. அதற்குக் காய்ச்சல் கிடையாது.

இறங்கும் வழியில்

இப்போது மறுபடியும் அந்த எழுபது வளைவுகள். 108-ஐ அழைக்கும்போது "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல் "காய்ச்சலோடு காலை ஊன்றவில்லை" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். செம்மேட்டில் மருத்துவர் பார்த்து, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே பேசிவிட்டால் கீழே போய் அலைய வேண்டியதில்லை. காலை நேராக்க முயல வேண்டாம். பிள்ளை எப்படி வைத்திருக்கிறதோ அதே நிலையில், முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துணியோ தலையணையோ வைத்துவிட்டால் வளைவுகளில் குலுங்கும் வலி குறையும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும் முன் எவ்வளவு காய்ச்சல் இருந்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கீழே போய்ச் சேரும்போது காய்ச்சல் இறங்கியிருக்கும், மருத்துவர் எண்ணும் நான்கில் ஒன்று காணாமல் போயிருக்கும். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். தடுப்பூசி அட்டையும், வேறு ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அந்தக் குப்பியும் கையில் இருக்கட்டும்.

சீழ் உறுதியானால் மூட்டைத் திறந்து அல்லது கருவி செலுத்திக் கழுவிவிட்டு, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஊசி மருந்துதான். ஃபின்லாந்தில் பல ஆண்டுகள் நடந்து 2009-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, சிக்கல் இல்லாத, நன்றாகத் தேறி வரும் பிள்ளைகளுக்குச் சில நாள் ஊசி, பிறகு வாய்வழி மருந்து என்ற முறை பரவியிருக்கிறது. காய்ச்சல் இறங்கி, வலி குறைந்து, சி.ஆர்.பி. கீழே வருவதைப் பார்த்துத்தான் மாற்றுவார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கும் எலும்பிலும் தொற்று உள்ளவர்களுக்கும் நாள் கூடும். பிள்ளை ஓடத் தொடங்கிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்துவதும், மறுபரிசோதனைக்கு மலையேறி இறங்கச் சோம்பிப் போவதும் வேண்டாம். இடுப்பிலும் முழங்காலிலும் தொற்று வந்த சிறு பிள்ளைகளின் இரண்டு காலின் நீளத்தையும் அவர்கள் வளரும் வருடங்களில் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு, அறுவைச் சிகிச்சை நடந்த தேதியும் எந்த மூட்டு என்பதும் எழுதிய டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.